"பத்து வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது": இதை ஆங்கிலத்தில் எந்தக் காலத்தில் எழுதுவது?

அம்பைச் செவிலி (திங்கள், இரவு 10.15)

அனைவருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு ஆண்டுகளாகச் செவிலியாக இருக்கிறேன். வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி, அதாவது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு, எழுத வேண்டும். அதில் எழுத்துப் பகுதிக்கு மொத்தம் 45 நிமிடம். முதல் 5 நிமிடம் நோயாளியின் குறிப்புகளைப் படிக்க மட்டும்தான். மீதி 40 நிமிடத்தில், 180 முதல் 200 சொற்களுக்குள், அந்த நோயாளியை இன்னொருவர் பொறுப்பில் ஒப்படைக்கும் கடிதத்தை எழுதி முடிக்க வேண்டும்.

நேற்று நான் எழுதிய பயிற்சிக் கடிதம் திருத்தித் திரும்பி வந்தது. பதினொரு இடத்தில் 'டென்ஸ்', அதாவது வினையின் காலம் தவறு என்று சிவப்பு வட்டம். பயிற்சி மையத்தில் பன்னிரண்டு கட்டம் போட்ட அட்டவணையை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று தெரிகிறது. எப்போது எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

இரண்டு வாக்கியங்களை மட்டும் இங்கே தருகிறேன். நான் எழுதியது: "பேஷன்ட் இஸ் ஹேவிங் டயாபடீஸ் சின்ஸ் டென் இயர்ஸ்." திருத்தியது: "த பேஷன்ட் ஹேஸ் ஹேட் டயாபடீஸ் ஃபார் டென் இயர்ஸ்." ஏன் இரண்டு 'ஹேவ்'? தமிழில் "பத்து வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது" என்கிறோம். அது நிகழ்காலம்தானே? இன்றும் இருக்கிற நோய்க்கு 'ஹேட்' என்ற இறந்தகாலச் சொல் எங்கிருந்து வந்தது?

இரண்டாவது: "ஹி ஹேஸ் கம் டு த ஹாஸ்பிடல் யெஸ்டர்டே." இதில் 'ஹேஸ் கம்' என்பதை அடித்துவிட்டு 'கேம்' என்று எழுதியிருக்கிறார்கள். காரணம் கேட்டேன். "அது விதி, மனப்பாடம் செய்துகொள்" என்றார்கள். எனக்கு விதி வேண்டாம். காரணம் தெரிந்தால் நானே எழுதிவிடுவேன்.

பாளை ஆசிரியை (செவ்வாய், காலை 6.50)

மகளே, முப்பத்துநான்கு ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் நான். நீ கேட்ட கேள்வியை எத்தனை பிள்ளைகள் கேட்காமலே விட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நிதானமாகச் சொல்கிறேன்.

நீ வயல்காட்டு ஊர்க்காரி. வாய்க்கால் மடையை வைத்தே பார்ப்போம். பத்து வருடத்துக்கு முன் மடையைத் திறந்தார்கள். தண்ணீர் இன்னும் பாய்கிறது. ஆங்கிலத்தில் அதற்குத்தான் 'ஹேவ்' சேர்ந்த வடிவம். தொடங்கியது பழைய காலத்தில், பாய்ச்சல் இன்று வரை. உன் நோயாளியின் சர்க்கரை நோய் அப்படிப்பட்டது. மடையை அடைத்துவிட்டால், அதாவது அந்தக் காலமே முடிந்து தனியாகக் கிடந்தால், வெறும் இறந்தகாலம்.

இப்போது "ஹி ஹேட் டயாபடீஸ் ஃபார் டென் இயர்ஸ்" என்று நீ எழுதினால் படிக்கிற மருத்துவர் என்ன புரிந்துகொள்வார்? பத்து வருடம் இருந்தது, இப்போது இல்லை. "ஹி டுக் ஆஸ்பிரின் ஃபார் ஃபைவ் இயர்ஸ்" என்றால்? ஐந்து வருடம் சாப்பிட்டார், நிறுத்திவிட்டார். ஆனால் அவர் இன்று காலையிலும் ஆஸ்பிரின் சாப்பிட்டிருந்தால்? நாளை அறுவை சிகிச்சை செய்யப்போகிறவருக்கு அது உயிர் விஷயம். இலக்கணத்துக்காக மட்டும் உன்னைத் திருத்தியிருக்க மாட்டார்கள். அந்த ஒரு 'ஹேஸ்' நோயாளியின் உடலைப் பற்றிய தகவல்.

இரண்டு 'ஹேவ்' ஏன்? முதலாவது துணைவினை. காலத்தைச் சுமப்பது அதுதான். இரண்டாவது, நோய் 'இருப்பது' என்ற பொருளுள்ள முதன்மை வினை. அந்த இடத்தில் வேறு வினையைப் போட்டுப் பார்: "ஹேஸ் டேக்கன்", "ஹேஸ் லிவ்ட்", "ஹேஸ் வொர்க்ட்". அதேபோல "ஹேஸ் ஹேட்". அந்த 'ஹேட்' இறந்தகாலம் இல்லை. 'டேக்கன்' நிற்கிற இடத்தில் நிற்கிற எச்ச வடிவம். உருவம் ஒன்றாக இருப்பதால் உன் கண் ஏமாந்தது.

இனி 'நேற்று'. நேற்று, போன செவ்வாய்க்கிழமை, 2019-இல், மூன்று நாளைக்கு முன்பு: இவை எல்லாம் அடைத்த மடை. இப்படி ஒரு சொல் வாக்கியத்துக்குள் வந்துவிட்டால் 'ஹேவ்' வாராது. "ஹி கேம் யெஸ்டர்டே." 'திஸ் மார்னிங்' என்பது மட்டும் கொஞ்சம் விசேஷம். காலை பத்து மணிக்குச் சொன்னால் காலைப்பொழுது இன்னும் முடியவில்லை, "ஐ ஹேவ் கிவன் டூ இன்ஜெக்‌ஷன்ஸ் திஸ் மார்னிங்" எனலாம். மாலை ஐந்து மணிக்கு அதே காலைப்பொழுதைச் சொன்னால் "ஐ கேவ்". சொல் மாறவில்லை, சொல்கிற நேரம் மாறிவிட்டது.

நான் வகுப்பில் சொல்லும் உதாரணம் நம் சுலோச்சனா முதலியார் பாலம். அது 1843-இல் கட்டப்பட்டது: "வாஸ் பில்ட் இன் 1843". ஆண்டைச் சொல்லியாயிற்று, அடைத்த மடை. 180 ஆண்டுக்கு மேலாக நிற்கிறது: "ஹேஸ் ஸ்டுட் ஃபார் மோர் தேன் 180 இயர்ஸ்". திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவில் நிற்கிறது: "ஸ்டேண்ட்ஸ்". ஒரே பாலம், மூன்று பார்வை. ஆனால் கால்டுவெல் இடையன்குடியில் வாழ்ந்ததைச் சொல்லும்போது "லிவ்ட்" மட்டும்தான். எத்தனை ஆண்டு அங்கே இருந்தார் என்றாலும் "ஹேஸ் லிவ்ட்" கூடாது. அவர் 1891-இல் காலமாகிவிட்டார்.

'சின்ஸ்', 'ஃபார்' இரண்டுக்கும் ஒரு வரி. 'சின்ஸ்' மடை திறந்த நேரத்தைச் சொல்லும்: சின்ஸ் 2014, சின்ஸ் மார்னிங். தமிழில் 'முதல்', 'இலிருந்து'. 'ஃபார்' எவ்வளவு காலம் பாய்ந்தது என்ற அளவைச் சொல்லும்: ஃபார் டென் இயர்ஸ். தமிழில் 'ஆக'.

பேட்டை மாணவன் (செவ்வாய், காலை 9.20)

டீச்சர் சொன்னது நன்றாகப் புரிந்தது. ஆனால் அட்டவணையை ஒதுக்கிவிட வேண்டாம் என்று அக்காவிடம் சொல்ல விரும்புகிறேன். மூன்று காலம், ஒவ்வொன்றிலும் நான்கு வகை, ஆகப் பன்னிரண்டு. வினையின் உருவத்தை உருவாக்க அது உதவுகிறது. 'கோ, வென்ட், கான்' தெரியாதவனுக்குக் காரணம் எவ்வளவு தெரிந்தாலும் வாக்கியம் வராது. நான் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். அந்த அட்டவணை மட்டும் இல்லாவிட்டால் கல்லூரியில் முதல் ஆண்டே தடுமாறியிருப்பேன்.

பாளை ஆசிரியை (செவ்வாய், காலை 9.45)

தம்பி, அட்டவணை வேண்டும். நானும் கரும்பலகையில் ஆயிரம் முறை போட்டிருக்கிறேன். ஆனால் அதில் எதிர்காலத்துக்கு என்று நான்கு கட்டம் இருப்பதால் பிள்ளைகள் எதிர்காலம் என்றாலே 'வில்' என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஆங்கில வினைக்குத் தன் உருவத்தை மாற்றிக் காட்டும் காலம் இரண்டுதான்: நிகழ்காலம், இறந்தகாலம். எதிர்காலத்துக்கு வினையில் விகுதியே கிடையாது. துணைச்சொல்லை வைத்துத்தான் சொல்ல வேண்டும், சில நேரம் நிகழ்கால வடிவத்தாலேயே சொல்லிவிடுவார்கள். "த டிரெய்ன் லீவ்ஸ் அட் எய்ட்" என்பது இன்று இரவு புறப்படும் வண்டிக்கு. கால அட்டவணையில் அச்சடித்து உறுதியான நிகழ்ச்சி அது.

கல்லிடைத் தமிழ்வாசகர் (செவ்வாய், பிற்பகல் 2.10)

ஆங்கிலம் எனக்கு இரண்டாம் இடம்தான். தமிழ் இலக்கணத்தில் பல ஆண்டுகளாக ஊறியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். தங்கை கேட்ட கேள்விக்குப் பதில் பாதி நம் மொழியிலேயே இருக்கிறது.

"வந்துகொண்டிருந்திருக்கிறான்" என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். வந்துகொண்டு, இருந்து, இருக்கிறான். இப்போது ஆங்கிலம்: "ஹேஸ் பீன் கமிங்". ஹேஸ் என்பது நம் 'இருக்கிறான்'. பீன் என்பது 'இருந்து'. கமிங் என்பது 'வந்துகொண்டு'. மூன்று துண்டும் அப்படியே இருக்கின்றன, தலைகீழ் வரிசையில். நமக்குக் காலத்தைச் சுமப்பது கடைசித் துண்டு. அவர்களுக்கு முதல் துண்டு. "குளித்து, உடுத்தி, கோவிலுக்குப் போய் வந்தேன்" என்னும்போது கடைசியில் இருக்கிற 'வந்தேன்' ஒன்றுதானே வினைமுற்று? மற்றவை எச்சமாக அதற்கு முன்னே ஒதுங்கி நிற்கின்றன. ஆங்கிலத்தில் அந்தப் பொறுப்பு முன்னால் நிற்கிற சொல்லுக்கு.

இதைப் பிடித்துக்கொண்டால் "டிட் நாட் வென்ட்" என்ற பிழையும் தொலையும். 'டிட்' காலத்தைச் சுமந்துவிட்டது. பின்னால் வருகிற வினை வெறுங்கையோடு வர வேண்டும்: "டிட் நாட் கோ". "வந்தேன் போனேன்" என்று இரண்டு முற்றை ஒட்ட வைத்து யாரும் ஒரு வினையாகச் சொல்வதில்லை அல்லவா?

இன்னொன்று. 'வந்திருக்கிறது' என்றால் ஹேஸ் கம். 'வந்திருந்தது' என்றால் ஹேட் கம். நம் கடைசித் துண்டு நிகழ்காலமா இறந்தகாலமா என்று பார்த்து ஆங்கிலத்தின் முதல் துண்டை வைத்தால் போதும்.

பாளை ஆசிரியை (செவ்வாய், மாலை 4.30)

அண்ணாச்சி, அந்தத் தலைகீழ் வரிசையை இத்தனை ஆண்டும் நான் கவனிக்கவில்லை. மனப்பூர்வமாக நன்றி. ஆனால் கடைசி வரியை அப்படியே ஏற்க முடியவில்லை. அதில்தான் நம் பிள்ளைகள் விழுகிறார்கள்.

காலையில் எழுந்து முற்றத்தைப் பார்க்கிறோம், ஈரமாக இருக்கிறது. "ராத்திரி மழை பெய்திருக்கிறது" என்கிறோம். மழையை நாம் பார்க்கவில்லை. ஈரத்தைப் பார்த்து அறிந்தோம். தமிழில் 'இருக்கிறது' அந்த வேலையையும் செய்கிறது. அதனால் 'ராத்திரி', 'நேற்று', 'போன வாரம்' எதுவும் அதோடு இடைஞ்சல் இல்லாமல் உட்கார்ந்துகொள்ளும். "நேற்றே வந்திருக்கிறார், எனக்குத்தான் தெரியவில்லை." ஆங்கிலத்தில் 'ஹேஸ் கம்' அந்த வேலையைச் செய்யாது. "ஹி கேம் யெஸ்டர்டே", தேவைப்பட்டால் முன்னால் 'இட் ஸீம்ஸ்'. அம்பை மகள் "ஹேஸ் கம் யெஸ்டர்டே" என்று எழுதியது கவனக்குறைவால் இல்லை. தமிழில் "நேற்று வந்திருக்கிறார்" சரியான வாக்கியம். அதையே நம்பி அவள் எழுதினாள்.

'வந்திருப்பான்' இன்னும் விலகிப் போகும். "இந்நேரம் வீட்டுக்கு வந்திருப்பான்" என்றால் 'மஸ்ட் ஹேவ் கம்'. ஊகம். உருவத்தில் எதிர்காலம், பொருளில் இல்லை.

'விட்டது' என்ற துணைவினையும் அப்படித்தான். "சாப்பிட்டுவிட்டார்" என்றால் முடிந்தது என்று மட்டும் தெரிகிறது. 'ஹேஸ் ஈட்டன்' என்பதா, 'ஏட்' என்பதா என்று பக்கத்தில் இருக்கிற காலச்சொல்தான் சொல்ல வேண்டும்.

கல்லிடைத் தமிழ்வாசகர் (செவ்வாய், மாலை 5.05)

ஒத்துக்கொள்கிறேன் டீச்சர். துண்டுகளின் வரிசை ஒத்துப்போகிறது, பயன்படும் இடம் ஒத்துப்போகவில்லை. 'வந்துகொண்டிருந்திருக்கிறான்' என்பதுகூட நாம் பெரும்பாலும் பிறகு தெரிந்துகொண்ட செய்திக்குத்தான் சொல்கிறோம்.

திசையன்விளை அப்பா (செவ்வாய், இரவு 8.40)

இங்கே எழுதலாமா என்று தயங்கித்தான் எழுதுகிறேன். என் மகள் ஏழாம் வகுப்பு. தாத்தாவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். "மை கிராண்ட்ஃபாதர் வில் கிளைம்ப் பாமைரா ட்ரீஸ் எவ்ரி டே" என்று எழுதியிருந்தாள். 'வில்' தவறு என்று அடித்துவிட்டார்கள். அவள் என்னிடம் வந்து, "தாத்தா தினமும் பனை ஏறுவார் என்பதைத்தானே எழுதினேன் அப்பா, ஏறுவார் எதிர்காலம்தானே?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவள் கேட்டதில் தவறு இருப்பதாகவும் தோன்றவில்லை. என் அப்பா பனை ஏறி எங்களை வளர்த்தவர். அவரைப் பற்றிய வாக்கியம் தவறாக இருக்கக் கூடாது என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.

கல்லிடைத் தமிழ்வாசகர் (செவ்வாய், இரவு 9.15)

உங்கள் மகள் கேட்டது மிக நல்ல கேள்வி, ஐயா. பள்ளிப் புத்தகத்தில் 'ஏறுவார்' என்பதை எதிர்காலம் என்று சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் அந்த வடிவம் வழக்கத்தையும் இயல்பையும் சொல்லும். தொல்காப்பிய உரைகளில் "மலை நிற்கும்", "ஞாயிறு இயங்கும்" என்று உதாரணம் காட்டுகிறார்கள். பொதிகை நாளைக்குத்தான் நிற்கப்போகிறது என்று யார் புரிந்துகொள்வார்கள்? நேற்றும் நின்றது, இன்றும் நிற்கிறது, நாளையும் நிற்கும். முக்காலத்துக்கும் பொதுவான செய்திக்கு நமக்கு 'நிற்கும்'. ஆங்கிலத்தில் அதற்குச் சாதாரண நிகழ்காலம்: "த மவுண்டன் ஸ்டேண்ட்ஸ்", "த சன் ரைஸஸ்".

பாளை ஆசிரியை (செவ்வாய், இரவு 9.50)

திசையன்விளை தம்பிக்கு: ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும். அப்பா இன்றும் பனை ஏறுகிறாரா?

திசையன்விளை அப்பா (செவ்வாய், இரவு 10.05)

இல்லை டீச்சர். எட்டு வருடத்துக்கு முன் நிறுத்திவிட்டார். இப்போது வீட்டோடு இருக்கிறார்.

பாளை ஆசிரியை (செவ்வாய், இரவு 10.20)

அப்படியானால் "மை கிராண்ட்ஃபாதர் யூஸ்ட் டு கிளைம்ப் பாமைரா ட்ரீஸ் எவ்ரி டே." இன்றும் ஏறுகிறவராக இருந்தால் "கிளைம்ப்ஸ்". தமிழில் 'ஏறுவார்' என்ற ஒரே சொல் இரண்டையும் தாங்கிவிடுகிறது: தினமும் ஏறுகிற வழக்கம் உள்ளவர், முன்பு ஏறுகிற வழக்கம் இருந்தவர். கேட்கிறவருக்குத் தாத்தாவைத் தெரியும் என்பதால் நமக்கு இடைஞ்சல் வருவதில்லை. ஆங்கிலத்தில் அதைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும்.

பேத்தியிடம் இதையும் சொல்லுங்கள். 'வில்' என்று எழுதியதால் படிக்கிறவர், தாத்தா இனிமேல்தான் ஏறத் தொடங்குவார் என்று நினைத்துவிடக்கூடும். 'யூஸ்ட் டு' என்று எழுதினால் அவர் ஏறிய அத்தனை ஆண்டுகளும் அந்த ஒரு சொல்லுக்குள் வந்துவிடும்.

அம்பை மகளுக்கும் இது வேண்டும். "டெய்லி ஹி வில் டேக் மெட்ஃபார்மின்" என்று உன் கடிதத்தில் இருந்தால், மருந்து இனிமேல்தான் தொடங்கப்போகிறது என்று பொருள். தினமும் சாப்பிடுகிறார் என்றால் "டேக்ஸ்".

வள்ளியூர் அக்கா (புதன், அதிகாலை 1.30)

நான் இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் வார்டு செவிலி. இரவுப் பணி முடிந்து வந்து படிக்கிறேன். அம்பைத் தங்கைக்கு என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

வேலையில் சேர்ந்த முதல் மாதம். அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டிய ஒரு பெரியவரை ஒப்படைக்கும்போது, "ஹி டிட் நாட் ஈட்" என்று சொன்னேன். மயக்க மருத்துவர் நிமிர்ந்து பார்த்து, "எப்போது சாப்பிடவில்லை?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. அவர் கேட்டது சரிதான். 'டிட் நாட் ஈட்' என்றால் ஏதோ ஒரு வேளை சாப்பிடவில்லை, அவ்வளவுதான். அதன்பிறகு சாப்பிட்டாரா? நான் சொல்ல நினைத்தது "ஹி ஹேஸ் நாட் ஈட்டன் சின்ஸ் மிட்நைட்". நள்ளிரவிலிருந்து இந்த நிமிடம் வரை வயிறு காலி. டீச்சர் சொன்ன மடைதான் இது.

பிறகு யோசித்துப் பார்த்தேன், ஏன் என் வாயில் அது வரவில்லை என்று. தமிழில் 'சாப்பிடவில்லை' என்ற சொல்லில் காலமே இல்லை. 'சாப்பிட' என்பதோடு 'இல்லை' சேர்ந்தது, அவ்வளவே. நேற்று மதியம் சாப்பிடவில்லை. இன்னும் சாப்பிடவில்லை. கூப்பிட்டால்கூட இப்போது சாப்பிடவில்லை என்கிறார். மூன்றுக்கும் ஒரே சொல். ஆங்கிலத்தில் முறையே 'டிட் நாட்', 'ஹேஸ் நாட்', 'இஸ் நாட்'. எதிர்மறை வாக்கியம் எழுதும்போது தமிழ் உங்களுக்குக் காலத்தைக் காட்டிக் கொடுக்காது, தங்கை. நீங்களே ஒரு நொடி நின்று, எந்த நேரத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்புறம், 'இஸ் ஹேவிங்'. "பேஷன்ட் இஸ் ஹேவிங் பெயின்" என்று நம் ஊர் வார்டில் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். கடிதத்தில் "ஹேஸ் பெயின்" என்று எழுதுங்கள். வலி, காய்ச்சல், நோய், பிள்ளைகள், வீடு: இவை இருக்கும் நிலை. செயல் கிடையாது. "ஷி இஸ் ஹேவிங் எ பாத்" சரி, குளிப்பது செயல். 'ஐ ஆம் நோயிங்' என்பதும் இதே காரணத்தால் கூடாது. நாமும் தமிழில் "எனக்குத் தெரியும்" என்போமே தவிர, 'தெரிந்துகொண்டிருக்கிறது' என்று சொல்ல மாட்டோம்.

பேட்டை மாணவன் (புதன், காலை 8.10)

அக்கா சொன்ன 'தெரியும்' இதுவரை என் புத்தியில் படாத ஒன்று. தெரியும், பிடிக்கும், வேண்டும், புரியும். இவை உருவத்தில் 'நிற்கும்' மாதிரி எதிர்காலம். பொருளோ இன்றைய நிலை. ஆங்கிலத்தில் 'நோ, லைக், வான்ட், அண்டர்ஸ்டேண்ட்'. இவற்றோடு 'இங்' சேர்க்கக் கூடாது என்று பட்டியலாக மனப்பாடம் செய்திருந்தேன். 'எனக்கு' என்று தொடங்கும் தமிழ் வாக்கியமாக இருந்தால் அநேகமாக 'இங்' வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளலாமா டீச்சர்?

பாளை ஆசிரியை (புதன், காலை 8.35)

அநேகமாக என்று நீயே சொன்னது நல்லது. "எனக்கு வியர்க்கிறது" என்பதற்கு "ஐ ஆம் ஸ்வெட்டிங்" சரியான வாக்கியம். "எனக்குத் தலை வலிக்கிறது" என்பதற்கும் "மை ஹெட் இஸ் ஏக்கிங்" என்று சொல்லலாம். அதைச் சோதனையாக வைத்துக்கொள், சட்டமாக வேண்டாம்.

அம்பைச் செவிலி (புதன், இரவு 9.30)

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இரண்டு நாளாக வார்டில் யார் என்ன பேசினாலும் மடை திறந்திருக்கிறதா, அடைத்துவிட்டார்களா என்றுதான் மனம் கேட்கிறது. பதினொரு வட்டத்தில் எட்டு விளங்கிவிட்டது. மூன்று பாக்கி.

ஒன்று: நோயாளி என்னிடம் "நெஞ்சு வலிக்கிறது" என்று சொன்னார். நான் "ஹி டோல்ட் தட் ஹிஸ் செஸ்ட் இஸ் பெயினிங்" என்று எழுதினேன். 'செட் தட் ஹி ஹேட் செஸ்ட் பெயின்' என்று திருத்தியிருக்கிறார்கள்.

இரண்டு: "காயம் ஆறியதும் தையல் பிரிக்கலாம்" என்பதை "வென் த வூண்ட் வில் ஹீல்" என்று எழுதினேன். 'ஹீல்ஸ்' என்று திருத்தம். இனிமேல் ஆறப்போவதற்கு ஏன் நிகழ்காலம்?

மூன்று: நோயாளி மூன்று வாரத்துக்கு முன் முள் மிதித்தார், பிறகு மருத்துவமனைக்கு வந்தார். இரண்டும் முடிந்தவை. ஒன்றுக்கு மட்டும் 'ஹேட்' போட்டிருக்கிறார்கள்.

கல்லிடைத் தமிழ்வாசகர் (புதன், இரவு 10.00)

இரண்டாவதற்கு நான் பதில் சொல்கிறேன், தங்கை. நீங்கள் தமிழில் எழுதிய வாக்கியத்தையே பாருங்கள். "ஆறியதும்." காயம் இன்னும் ஆறவில்லை, ஆனாலும் 'ஆறிய' என்று இறந்தகால எச்சம். "மழை நின்றதும் போகலாம்", "சீசன் தொடங்கினால் குற்றாலம் போகலாம்." 'நின்ற', 'தொடங்கின' எல்லாம் இறந்தகால வடிவங்கள். இனிமேல் நடக்கப்போவதற்கு நாமும் எதிர்கால உருவத்தைப் போடுவதில்லை. முன்னால் இருக்கிற துணை வாக்கியத்தில் காலத்தைக் கழற்றிவிட்டு, முடிவு வினையில் மட்டும் வைக்கிறோம். ஆங்கிலேயர் அந்த இடத்தில் நிகழ்காலத்தை வைக்கிறார்கள்: "வென் த வூண்ட் ஹீல்ஸ், த ஸ்டிட்சஸ் கேன் பி ரிமூவ்ட்." 'வென்', 'இஃப்', 'ஆஃப்டர்' எல்லாவற்றுக்கும் இதே வழி. இரு மொழியிலும் 'வில்' அங்கே இல்லை.

காலம் உருவத்தோடு ஒத்துப்போகாமல் வருவதை நன்னூல் வழுவமைதி என்று ஏற்றுக்கொள்கிறது. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்று காரணமும் சொல்கிறது. வீட்டை விட்டே கிளம்பாதவர் போனில் "இதோ வந்துவிட்டேன்" என்கிறாரே, அது விரைவு. அதை ஆங்கிலத்தில் 'ஐ ஹேவ் கம்' என்று சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் வாசலில் போய்த் தேடுவார். அங்கே "ஐ ஆம் கமிங்".

பாளை ஆசிரியை (புதன், இரவு 10.40)

முதலாவது: தமிழில் நமக்கு 'என்று' இருக்கிறது. பிறர் பேச்சை அவர் வாயிலிருந்து வந்தபடியே 'என்று' கட்டி வைத்துவிடுகிறோம். "வலிக்கிறது என்று சொன்னார்." காலத்தைத் தொடுவதே இல்லை. ஆங்கிலத்தில் 'தட்' வந்துவிட்டால் பேச்சு எழுதுகிறவரின் நேரத்துக்கு மாறிவிடும். அவர் சொன்னது கடந்த காலம், எனவே வலியும் ஒரு படி பின்னால் போகும்: "செட் தட் ஹி ஹேட் செஸ்ட் பெயின்." இன்றும் மாறாத உண்மையாக இருந்தால் நிகழ்காலத்தை விட்டுவைக்கலாம். "ஹி செட் தட் ஹி இஸ் அலர்ஜிக் டு பெனிசிலின்" தவறில்லை. அலர்ஜி இன்றும் இருக்கிறது. இன்னொன்று, 'டோல்ட்' வந்தால் யாரிடம் என்று சொல்ல வேண்டும்: 'டோல்ட் மி தட்'. யாரிடம் என்று இல்லாவிட்டால் 'செட்'.

மூன்றாவது: இரண்டும் முடிந்தவைதான். ஆனால் நீ கதையை மருத்துவமனைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறாய். அந்த நாளில் நின்றுகொண்டு அதற்கும் பின்னால் திரும்பிப் பார்க்கிறாய். அதற்கு 'ஹேட்'.

2023 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துக்கொள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அப்போது திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. "த டிரெய்ன் ஸ்டாப்ட் அட் ஸ்ரீவைகுண்டம் பிகாஸ் த ஃப்ளட் ஹேட் டேமேஜ்ட் த டிராக்." நின்றது பிறகு, பாதை சேதமானது அதற்கு முன். 'ஹேட்' எடுத்துவிட்டாலும் 'பிகாஸ்' இருப்பதால் முன்பின் ஓரளவு விளங்கும். ஆனால் "வென் த ரெஸ்க்யூ டீம் கேம், த வாட்டர் ஹேட் ரிசீடட்" என்பதையும் "த வாட்டர் ரிசீடட்" என்பதையும் வைத்துப் பார். முதலாவதில் குழு வருவதற்குள் தண்ணீர் வடிந்திருந்தது. இரண்டாவதில் குழு வந்த பிறகு வடிந்தது. 'வடிந்திருந்தது', 'வடிந்தது' என்று தமிழிலேயே உனக்கு அந்த வேறுபாடு தெரிகிறது. இந்த இடத்தில் அண்ணாச்சி சொன்ன 'இருந்தது'க்கு 'ஹேட்' என்ற கணக்கு அப்படியே பொருந்தும். நம்பிப் போடலாம்.

கதையை வரிசையாகவே சொல்லிக்கொண்டு போனால் 'ஹேட்' தேவையில்லை. "ஹி ஸ்டெப்ட் ஆன் எ தார்ன், டெவலப்ட் எ வூண்ட் அண்ட் கேம் டு த ஹாஸ்பிடல்." மூன்றும் சாதாரண இறந்தகாலம். கடிதம் முழுக்க 'ஹேட்' 'ஹேட்' என்று நிரப்பிவிடாதே. படிக்கிறவருக்கு மூச்சு முட்டும்.

வள்ளியூர் அக்கா (வியாழன், அதிகாலை 2.00)

ஒரு சிறு விஷயம். 'ஹேட்' போட்டுப் பின்னால் பார்க்கும்போது 'த்ரீ வீக்ஸ் அகோ' வேண்டாம். 'அகோ' இன்றிலிருந்து எண்ணுவது. 'த்ரீ வீக்ஸ் எர்லியர்' என்று எழுதுங்கள்.

அம்பைச் செவிலி (சனி, இரவு 11.10)

கடிதத்தைப் புதிதாக எழுதினேன். நடுப்பகுதியை மட்டும் போடுகிறேன். நோயாளி 62 வயது விவசாயி, உடைமுள் குத்திக் காலில் புண்.

"ஹி ஹேஸ் ஹேட் டயாபடீஸ் ஃபார் டென் இயர்ஸ் அண்ட் டேக்ஸ் மெட்ஃபார்மின் ட்வைஸ் எ டே. ஹி வாஸ் அட்மிட்டட் ஆன் 12 ஜூன் வித் எ ஃபுட் அல்சர். ஹி செட் தட் ஹி ஹேட் ஸ்டெப்ட் ஆன் எ தார்ன் த்ரீ வீக்ஸ் எர்லியர். த வூண்ட் வாஸ் க்ளீன்ட் அண்ட் டிரெஸ்ட் டெய்லி. ஹி ஹேஸ் பீன் வாக்கிங் வித்தவுட் பெயின் சின்ஸ் டூ டேஸ். ஹி ஹேஸ் நாட் ஹேட் எ ஃபீவர் சின்ஸ் 15 ஜூன். இஃப் த வூண்ட் பிகம்ஸ் ரெட் ஆர் ஸ்வாலன், ஹி வில் நீட் டு ஸீ த சர்ஜன்."

'டேக்ஸ்' போடுவதா 'ஹேஸ் பீன் டேக்கிங்' போடுவதா என்று கால் மணி நேரம் யோசித்தேன். எத்தனை நாளாக என்று அந்த இடத்தில் சொல்லவில்லை, இப்போதைய வழக்கத்தைத்தான் சொல்கிறேன் என்பதால் 'டேக்ஸ்' போட்டேன்.

திசையன்விளை அப்பா (ஞாயிறு, காலை 7.15)

மகள் கட்டுரையைத் திருத்தி எழுதினாள். அதை அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள். 'யூஸ்ட் டு' என்றால் என்ன என்று அவர் கேட்டார். "முன்னால் ஏறுவீர்கள் தாத்தா, இப்போது ஏறுவதில்லை, அதுதான்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

பாளை ஆசிரியை (ஞாயிறு, காலை 8.00)

அம்பை மகளுக்கு: 'டேக்ஸ்' சரி, யோசித்த முறையும் சரி. ஐந்தாவது வாக்கியத்தில் 'டூ டேஸ்' அளவு, அதனால் 'ஃபார் டூ டேஸ்'. அடுத்த வரியில் '15 ஜூன்' தொடங்கிய நாள், அங்கே 'சின்ஸ்' சரியாக இருக்கிறது. வேறு எதையும் தொட வேண்டாம். அடுத்த கடிதத்தை வியாழக்கிழமைக்குள் அனுப்பு.